பத்திரத்துக்கு முன் தராசு: உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் தொடங்க ஒரு வழிகாட்டி

விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கங்களில் மல்லாட்டை என்று சொல்லப்படும் நிலக்கடலையைப் பிடுங்கிக் காயவைத்த ஒரு சிறு விவசாயிக்கு, கையிலிருக்கும் எட்டுப் பத்து மூட்டையை விற்க இருக்கும் வழிகள் மிகச் சிலவே. களத்துக்கே வரும் வியாபாரியிடம் கொடுக்கலாம். கமிஷன் மண்டிக்கு ஏற்றலாம். வண்டி வாடகை கட்டுபடியானால் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்து ஏலத்தில் வைக்கலாம். எண்ணெய் ஆலைக்காரர் எட்டு மூட்டைக்காக விலை பேச உட்காரமாட்டார். அவருக்குச் சரக்கு லாரிக் கணக்கில், ஒரே அளவு காய்ந்ததாக, ஒரே தரத்தில் வேண்டும். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒருவர் கைவசமுள்ள நிலத்தின் சராசரிப் பரப்பு 0.75 எக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. இந்தப் பரப்பில் எவ்வளவு நன்றாக விளைந்தாலும் லாரி நிறையாது. நூறு பேர் சரக்கை ஒரே தராசில் ஏற்றினால் நிறையும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் என்பதன் அடிப்படை இவ்வளவுதான். சட்டம், பதிவு, தணிக்கை எல்லாம் அந்தத் தராசைச் சுற்றி எழுப்பப்படும் கட்டடம்.

பொருளாதார அறிஞர் ஒய். கே. அலக் தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி, 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் இந்திய நிறுவனங்கள் சட்டத்தில் இந்த வகை நிறுவனத்துக்குத் தனிப்பகுதி சேர்க்கப்பட்டது. 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் இப்போது 2013ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே அதற்கு ஒரு தனி அத்தியாயம் உள்ளது. கூட்டுறவுச் சங்கத்தோடு இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். இது கூட்டுறவுப் பதிவாளரின் கீழ் வராது. நிறுவனப் பதிவாளரிடம் பதிவாகும். ஆனால் கூட்டுறவின் உயிரான விதி இங்கும் உண்டு: ஒருவர் ஒரு பங்கு வைத்திருந்தாலும் ஐம்பது பங்கு வைத்திருந்தாலும் அவருக்கு ஒரே வாக்குதான். பங்குகளைப் பங்குச்சந்தையில் விற்க முடியாது. வெளியாள் வாங்கி நிறுவனத்தைக் கைப்பற்றவும் முடியாது.

தொடங்க விரும்பி என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது, பதிவுக்கு எவ்வளவு செலவாகும், மானியம் எவ்வளவு வரும் என்ற இரண்டு கேள்விகளைத்தான். என்ன பொருளை, யாரிடம், எப்படி விற்கப் போகிறோம் என்ற கேள்வி மூன்றாவதாகக்கூட வருவதில்லை. இந்த வழிகாட்டியை நான் அந்த மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்.

பதிவுக்கு முன் ஒரு பருவம்

முதலில் ஒரே ஒரு பயிரைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் வட்டாரத்தில் அதிகம் பேர் பயிரிடுவதாகவும், விற்பனையில் அதிகம் இழப்பதாகவும் இருக்க வேண்டும். நாசிக் மாவட்டத்தில் விலாஸ் ஷிண்டே முன்னின்று தொடங்கிய சஹ்யாத்ரி நிறுவனம் இன்று பல காய்கனிகளைக் கையாள்கிறது என்றாலும், அது கால் ஊன்றியது திராட்சை ஏற்றுமதியில்தான். நெல், காய்கறி, பால், ஆடு, மதிப்புக்கூட்டல் என்று எல்லாவற்றையும் முதல் ஆண்டுத் திட்டத்தில் எழுதிவைத்த நிறுவனங்கள் பெரும்பாலும் அவற்றில் எதையும் செய்வதில்லை.

பயிர் முடிவானதும், ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அறுவடைக் காலத்தில் பத்து நாட்கள் விற்பனைக்கூடத்திலும் மண்டியிலும் போய் உட்காருங்கள். ஒவ்வொரு விற்பனையிலும் சரக்கின் அளவு, காய்ச்சல், ஏலத்தில் விழுந்த விலை, தரகு, எடைக்கூலி, சாக்குக்கும் சாம்பிளுக்கும் பிடித்தது, பணம் கைக்கு வந்த நாள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். விவசாயி சொல்லும் விலைக்கும் அவர் வீட்டுக்குக் கொண்டுபோகும் பணத்துக்கும் இடையிலுள்ள தூரம் அப்போதுதான் தெரியும். நிறுவனம் சம்பாதிக்க வேண்டியது அந்தத் தூரத்துக்குள்தான். அதற்கு வெளியே பணம் எதுவும் காத்திருக்கவில்லை.

அதே நோட்டில் இன்னொரு பட்டியலும் தேவை: வியாபாரி விவசாயிக்குச் செய்யும் உதவிகளின் பட்டியல். விதைக்கு முன்பணம் தருபவர் அவர்; பெண்ணின் கல்யாணத்துக்கும் இரவு நேரத்து ஆஸ்பத்திரிச் செலவுக்கும் ஒரு வார்த்தையில் பணம் எடுத்துக் கொடுப்பவரும் அவர்தான். அதற்கு ஈடாகச் சரக்கு அவருக்கே போகிறது, அவர் சொல்லும் விலைக்கே போகிறது. இந்த உறவைச் சுரண்டல் என்ற ஒரே சொல்லில் முடித்துவிட்டு நிறுவனம் தொடங்குபவர்கள், அறுவடை நாளன்று உறுப்பினர் சரக்கு ஏன் வியாபாரி வண்டியில் ஏறுகிறது என்று புரியாமல் நிற்பார்கள். முன்பணத்தில் கட்டுண்டவர் யார், கட்டில்லாதவர் யார் என்று பிரித்துப் பாருங்கள். முதல் ஆண்டில் கட்டில்லாதவர்களின் சரக்கையும், கட்டுண்டவர்கள் கடன் அடைத்தபின் மிஞ்சும் சில மூட்டைகளையும் மட்டும் கணக்கில் எடுத்தால் போதும்.

பதிவு செய்யாமலேயே ஒரு கூட்டுக் கொள்முதலை நடத்திப் பார்ப்பது நல்லது. நிலக்கடலைக்கு ஜிப்சம் இட வேண்டும். ஏக்கருக்குச் சுமார் 160 கிலோ, விதைத்த 40 முதல் 45 நாட்களுக்குள், மண் அணைக்கும் சமயத்தில். நூறு பேர், ஆளுக்கு இரண்டு ஏக்கர் என்றால் 32 டன் ஆகிறது. சில்லறையில் ஒவ்வொரு மூட்டையாக வாங்குவதற்கும், மொத்த வியாபாரியிடம் லாரிக் கணக்கில் இறக்குவதற்கும் கிலோவுக்கு ஒரு ரூபாய் வித்தியாசம் கிடைத்தாலும் 32,000 ரூபாய் மிச்சம். பணத்தைவிட, இந்தச் சோதனை வேறு சிலவற்றைக் காட்டும். முன்கூட்டிப் பணம் கட்டுவதாகச் சொன்னவர்களில் எத்தனை பேர் கட்டினார்கள்? லாரி வந்த அன்று இறக்க ஆள் இருந்ததா? கணக்கு எழுதியவர் மறுநாளே கணக்கைக் காட்டினாரா? மண் அணைக்கும் சமயம் கடந்தபிறகு வந்து சேர்ந்தால் ஜிப்சத்தால் அந்தப் பயிருக்குப் பெரிய பயனில்லை. ஆகவே நேரம் தவறாமை என்றால் என்ன என்பதும் இதிலேயே புரிந்துவிடும். இந்த ஒரு லாரியைச் சச்சரவில்லாமல் இறக்கிப் பிரிக்க முடியாத குழு, நிறுவனமாகப் பதிவு செய்துகொள்வதால் எந்தப் பயனும் இல்லை.

உறுப்பினரும் பங்குத்தொகையும்

தமிழ்நாட்டில் 2017-18 முதல் நடைமுறைக்கு வந்த கூட்டுப் பண்ணையத் திட்டம் இதற்கு ஒரு நல்ல படிக்கட்டை வைத்திருக்கிறது. இருபது பேர் ஓர் உழவர் ஆர்வலர் குழு. அத்தகைய ஐந்து குழுக்கள், அதாவது நூறு பேர், ஓர் உழவர் உற்பத்தியாளர் குழு. அப்படிப்பட்ட பத்துக் குழுக்கள் சேர்ந்து ஆயிரம் பேர் கொண்ட நிறுவனம். நூறு பேர் குழுவுக்குப் பண்ணைக் கருவிகள் வாங்க 5 லட்சம் ரூபாய் தொகுப்பு நிதி தரப்பட்டது. அந்த நிதி முடிந்துவிட்ட ஊர்களிலும் அந்த அமைப்பு முறை பயன்படும். ஏனெனில் ஆயிரம் பேர் ஒருவரையொருவர் அறிந்திருக்க முடியாது. இருபது பேர் அறிந்திருக்க முடியும். காயாத கடலையைக் கொண்டுவருபவர் யார் என்பது அந்த இருபது பேருக்குத் தெரியும்.

நிலப்பட்டா இல்லாதவரைச் சேர்க்கலாமா என்ற ஐயம் எல்லா ஊர்களிலும் எழுகிறது. சட்டம் கேட்பது, ஒருவர் விளைபொருள் உற்பத்தி சார்ந்த வேலையில் ஈடுபட்டிருக்கிறாரா என்பதையே. நிலம் அவர் பெயரில் இருக்கிறதா என்பதை அல்ல. ஆகவே குத்தகைதாரரும், கணவர் பெயரிலுள்ள நிலத்தில் நாள் முழுதும் பாடுபடும் பெண்ணும், ஆடு மாடு வளர்ப்பவரும் உறுப்பினராகலாம். திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்ரீஜா என்ற பால் உற்பத்தியாளர் நிறுவனம் முழுக்கப் பெண்களையே உறுப்பினர்களாகக் கொண்டது. பால் விற்ற பணம் அவர்கள் கணக்குக்கே போகிறது. சில அரசுத் திட்டங்கள் சிட்டா, அடங்கல் கேட்கும் என்பது உண்மைதான். அந்தத் திட்டத்துக்காக மட்டும் அதைப் பாருங்கள். உறுப்பினர் சேர்க்கைக்கே அதை வாயிற்காவலாக வைத்துவிடாதீர்கள். ஒன்றை மட்டும் தவிர்க்க வேண்டும்: நிறுவனத்தின் தொழிலோடு மோதும் தொழில் செய்பவர் உறுப்பினராகச் சட்டமே இடம் தரவில்லை. ஊரின் கடலை வியாபாரி தன் நிலத்தைக் காட்டிப் பங்கு கேட்கும்போது இந்தப் பிரிவை நினைவில் வையுங்கள்.

பங்குத்தொகையை உறுப்பினரே கட்ட வேண்டும். ஊர்ப் பெரியவர் ஒருவரோ, குழு அமைக்க வந்த தொண்டு நிறுவனமோ மொத்தமாகக் கட்டிவிட்டு, ஆதார் நகல்களைத் திரட்டி ஆயிரம் பெயர்களை எழுதிய நிறுவனங்களைக் கண்டிருக்கிறேன். அவற்றில் ஒன்றின் பேரேட்டை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனபோது, தாம் உறுப்பினர் என்பதே தெரியாதவர்கள்தான் அதிகம் இருந்தார்கள். ஆளுக்கு 1,000 ரூபாயை ஒரே தவணையில் கட்ட முடியாதென்றால் இரண்டு மூன்று தவணைகளில் வாங்குங்கள். ஆனால் ஒவ்வொரு தவணைக்கும் ரசீது, முழுத்தொகை கட்டியதும் பங்குச் சான்றிதழ் என்ற ஒழுங்கு தவறக் கூடாது. உறுப்பினராகி மூன்று மாதத்துக்குள் வாரிசு நியமனத்தையும் எழுதி வாங்கிவிடுங்கள். இறந்துபோன உறுப்பினரின் பங்கு யாருக்கு என்ற பிரச்சினை எல்லா நிறுவனங்களுக்கும் ஒருநாள் வரும்.

பதிவு

இது மிக எளிய பகுதி. பத்து உற்பத்தியாளர்கள் சேர்ந்தால் பதிவு செய்யலாம். இயக்குநர்கள் ஐந்துக்குக் குறையாமலும் பதினைந்துக்கு மிகாமலும் இருக்க வேண்டும். பான் அட்டை, ஆதார், வங்கிக் கணக்கு அறிக்கை, உற்பத்தியாளர் என்பதற்கான சான்று, அலுவலக முகவரிச் சான்று ஆகியவற்றோடு ஒரு பட்டயக் கணக்காளரிடமோ கம்பெனி செயலரிடமோ சென்றால் இணையவழியில் விண்ணப்பித்துவிடுவார். பதிவான 180 நாட்களுக்குள் பங்குத்தொகை வங்கியில் செலுத்தப்பட்டதைக் காட்டித் தொழில் தொடங்கியதற்கான அறிவிப்பைத் தாக்கல் செய்ய வேண்டும். முதல் ஆண்டுப் பொதுக்குழுவைப் பதிவான 90 நாட்களுக்குள் கூட்ட வேண்டும்.

கவனம் செலுத்த வேண்டியது நிறுவனத்தின் நடைமுறை விதிகளில்தான். பலர் வேறொரு நிறுவனத்தின் விதிகளை அப்படியே படியெடுத்துப் பெயரை மட்டும் மாற்றுகிறார்கள். குறைந்தது ஒரு விதியையாவது நீங்களே உட்கார்ந்து பேசி எழுதுங்கள்: செயற்படும் உறுப்பினர் யார்? ஆண்டுக்கு எத்தனை கிலோ சரக்கை நிறுவனத்துக்குத் தர வேண்டும், அல்லது எவ்வளவு ரூபாய்க்கு இடுபொருள் வாங்க வேண்டும்? விதிகளில் எழுதிவைத்தால், வாக்குரிமையைச் செயற்படும் உறுப்பினர்களுக்கு மட்டும் உரியதாக்கச் சட்டம் அனுமதிக்கிறது. வியாபாரியிடம் சரக்கை விற்றுவிட்டுப் பொதுக்குழுவில் மட்டும் வந்து இயக்குநர் தேர்தலில் நிற்பவரைத் தடுக்க இதைவிட நாகரிகமான வழி வேறில்லை. இயக்குநர் பதவிக்காலத்தை ஓராண்டுக்குக் குறையாமலும் ஐந்தாண்டுக்கு மிகாமலும் வைக்கலாம். எல்லாரும் ஒரே நாளில் விலகும்படி வைக்காமல், ஆண்டுக்குச் சிலர் மாறும்படி எழுதுவது அனுபவத்தைக் காப்பாற்றும்.

பணம் சுழலும் விதம்

நிறுவனங்கள் நின்றுபோகும் இடம் இது என்பதால் சற்று விரிவாகவே பார்ப்போம். ஆயிரம் உறுப்பினர், ஆளுக்கு 1,000 ரூபாய் என்றால் 10 லட்சம். மத்திய அரசின் 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள் திட்டத்தில் உறுப்பினர் ஒருவருக்கு 2,000 ரூபாய் வரை, நிறுவனத்துக்கு 15 லட்சம் வரை, உறுப்பினர் கட்டிய பங்குத்தொகைக்கு ஈடாக அரசு தரும் இணைப்பங்கு மானியம் வைக்கப்பட்டது. உங்களுக்கு இன்னொரு 10 லட்சம் கிடைத்ததாகவே வைத்துக்கொள்வோம். கையிருப்பு 20 லட்சம்.

இப்போது அறுவடை. நாளொன்றுக்கு 5 டன் கடலை வருகிறது. ஒரு பேச்சுக்குக் கிலோ 65 ரூபாய் என்றால், ஒரு நாள் கொள்முதல் 3 லட்சத்து 25 ஆயிரம். வாங்கும் ஆலை பதினைந்து நாள் கழித்துப் பணம் தரும். ஆறாம் நாள் மாலையில் 19 லட்சத்து 50 ஆயிரம் வெளியே போயிருக்கும். ஏழாம் நாள் காலையில் மூட்டையோடு வரும் உறுப்பினருக்குக் கொடுக்கப் பணம் இருக்காது. அவர் அதே வண்டியை வியாபாரி கிடங்குக்குத் திருப்புவார். அன்று மாலை டீக்கடையில் நிறுவனத்தின் கதை முடிந்துவிட்டதாகப் பேச்சு வரும். பதினைந்து நாட்களையும் தாங்க ஏறத்தாழ 49 லட்சம் தேவைப்பட்டிருக்கும்.

இந்தக் கணக்கை அறுவடைக்கு முன்பே போட்டுப் பார்த்தவர்களுக்குச் சில வழிகள் உண்டு. ஒன்று, சரக்கை நிறுவனம் சொந்தமாக வாங்காமல், ஒன்றுசேர்த்துத் தரம் பிரித்து, விற்பனைக்கூடத்து ஏலத்திலோ இ-நாம் என்ற தேசிய மின்னணு வேளாண் சந்தை மூலமோ விற்றுக்கொடுத்துச் சேவைக் கட்டணம் மட்டும் பெறுவது. இதில் லாபம் சிறிது, ஆபத்தும் சிறிது. முதல் ஆண்டுக்கு நான் பரிந்துரைப்பது இதையே. இரண்டாவது, ஒப்படைத்த அன்று மதிப்பின் ஒரு பகுதியைக் கொடுத்து, விற்று முடித்தபின் மீதியைத் தருவது. இயக்குநர் குழு தீர்மானிக்கும் தொகையை முதலில் கொடுத்து மீதியைப் பிடித்துவைக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் மீதி எப்போது வரும் என்பதைத் தேதியோடு சொல்லி, அந்தத் தேதியில் கொடுத்தால்தான் அடுத்த பருவத்தில் யாராவது இதற்கு ஒப்புவார்கள். மூன்றாவது, நன்றாகக் காய்ந்த சரக்கைப் பதிவுபெற்ற கிடங்கில் வைத்து அந்த ரசீதின் மேல் கடன் பெறுவது. கடலைக்கு ஈரப்பதம் 8 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடித்து அஃப்ளாடாக்சின் என்ற நச்சு உண்டாகும், பிறகு எந்த விலைக்கும் அந்தச் சரக்கு நல்ல ஆலைக்குள் நுழையாது. நான்காவது, வாங்குபவரோடு விலை பேசும்போதே பணம் தரும் நாளையும் பேசுவது. கிலோவுக்கு ஐம்பது காசு குறைந்தாலும் மூன்றாம் நாள் பணம் தருபவர், பதினைந்து நாள் கேட்பவரைவிட உங்களுக்கு லாபமானவர்.

இடுபொருள் விற்பனை இதற்கு நேர்மாறானது. அதில் பணம் விரைவாகத் திரும்பும். உரம், விதை, பூச்சிமருந்து ஒவ்வொன்றுக்கும் வேளாண்மைத் துறையின் தனித்தனி உரிமம் வேண்டும். பூச்சிமருந்துக்குக் கல்வித்தகுதி உள்ள பணியாளரும், மானிய உரத்துக்கு விற்பனை முனையக் கருவியும் தேவை. இங்கே நிறுவனத்தைக் கொல்வது கடன் விற்பனை. இயக்குநரின் மைத்துனருக்குப் பத்து மூட்டை யூரியா கடனாகப் போன நாளிலிருந்து கணக்குப் பார்க்கத் தொடங்குங்கள். ஆண்டு முடிவில் கடையிலிருந்த முதல் முழுவதும் ஊரில் இருக்கும், பெட்டியில் இருக்காது.

வங்கிக் கடன் இரண்டு ஆண்டுத் தணிக்கை அறிக்கையைக் காட்டிய பிறகே எளிதாகும். வேளாண்மை, ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டின் துணை நிறுவனம் நாப்கிசான் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்குக் கடன் தருகிறது. கிடங்கு, தரம் பிரிக்கும் இயந்திரம் போன்றவற்றுக்கு, 2020இல் தொடங்கிய வேளாண் உட்கட்டமைப்பு நிதியில் 2 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு 3 விழுக்காடு வட்டிச் சலுகை ஏழாண்டு வரை உண்டு. மானியத்தை நம்பித் தொடங்க வேண்டாம் என்பதற்கு ஒரு காரணம் சொல்கிறேன்: முன்பு சொன்ன 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள் திட்டத்தில் நிர்வாகச் செலவுக்கு மூன்றாண்டுக்கு 18 லட்சம் வரை தரப்பட்டது, பத்தாயிரம் என்ற இலக்கு எட்டப்பட்டதாக 2025 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டும்விட்டது. மூன்றாண்டு உதவியில் மேலாளருக்குச் சம்பளம் கொடுத்துவந்த நிறுவனம், நான்காம் ஆண்டில் அதைத் தன் வியாபாரத்திலிருந்து கொடுக்க முடியாவிட்டால் கதவைப் பூட்ட வேண்டியதுதான்.

தராசும் மேலாளரும்

மின்னணுத் தராசின் திரையை விவசாயி பக்கம் திருப்பி வையுங்கள். ஈரப்பதமானியில் அவர் கண்முன்னே அளந்து, எடை, ஈரப்பதம், விலை, பிடித்தம், நிகரத்தொகை ஆகியவற்றை அச்சிட்ட சீட்டில் கொடுங்கள். மண்டியில் மூட்டைக்கு இத்தனை கிலோ கழிவு என்று வாய்வார்த்தையாகப் பிடிப்பதற்குப் பழகியவர், கழிவு எதுவென்று எழுதிய சீட்டை முதன்முறை வாங்கும்போது நிறுவனத்தைப் பற்றி எந்தக் கூட்டத்தில் கேட்டதைவிடவும் அதிகமாகப் புரிந்துகொள்கிறார். இயக்குநர் சரக்குக்கும் இதே அளவு, இதே வரிசை.

முழுநேரத் தலைமைச் செயல் அலுவலர் ஒருவரை நியமிப்பது சட்டக் கட்டாயம். அவர் உறுப்பினர் அல்லாதவராக இருக்க வேண்டும், பதவி வழியில் இயக்குநர் குழுவிலும் இருப்பார். வேளாண் பட்டதாரியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பேரம் பேசத் தெரிந்த, அன்றாடக் கணக்கை அன்றே முடிக்கும், ஊர்க்காரர்களிடம் சண்டையில்லாமல் ‘முடியாது’ என்று சொல்லத் தெரிந்த ஒருவர் போதும். எத்தனை ரூபாய் வரை அவரே முடிவெடுக்கலாம் என்பதைத் தீர்மானமாக எழுதிவிடுங்கள். ஒவ்வொரு லாரிக்கும் இயக்குநர்கள் கூடிப் பேசுவதற்குள் சந்தை விலை மாறிவிடும்.

ஆண்டுக் கடமைகள்

இயக்குநர் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது, ஆண்டுக்கு நான்கு முறையாவது கூட வேண்டும். ஆண்டுப் பொதுக்குழுவுக்கு 14 நாள் முன்னறிவிப்பு எழுத்தில் தர வேண்டும். மொத்த உறுப்பினரில் நான்கில் ஒரு பங்கினர் வந்தால்தான் கூட்டம் செல்லும். ஆயிரம் பேரில் 250 பேர் நேரில் வர வேண்டும் என்பது, பெயருக்குச் சேர்த்த உறுப்பினர்களை வைத்திருப்பவர்களுக்குப் பெரிய இக்கட்டு. அறுவடைக்கும் திருவிழாவுக்கும் இடையே நாள் பாருங்கள். தணிக்கை செய்த கணக்கையும் ஆண்டறிக்கையையும் தாமதமாகத் தாக்கல் செய்தால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். தொடர்ந்து மூன்றாண்டு செய்யாவிட்டால் இயக்குநர்கள் ஐந்தாண்டுக்குத் தகுதியிழப்பார்கள். வியாபாரமே நடக்காத ஆண்டுக்கும் இது பொருந்தும் என்பதைப் பல இயக்குநர்கள் நோட்டீஸ் வந்தபிறகே அறிகிறார்கள்.

மிச்சம் வந்தால் முதலில் பொதுச் சேமநிதிக்கு ஒதுக்க வேண்டும். பங்குக்கு உரிய ஆதாயம் ஓர் எல்லைக்குட்பட்டது. அதன்பின் மிஞ்சுவதை, யார் எவ்வளவு சரக்கு தந்தார்களோ அந்த விகிதத்தில் ஊக்கத்தொகையாகப் பிரிக்கலாம். முதல் ஊக்கத்தொகை மூட்டைக்கு இருபது ரூபாயாக இருந்தாலும் அதைப் பொதுக்குழுவில் பெயர் வாசித்துக் கொடுங்கள். சரக்கு தராதவருக்கு ஒன்றும் வராததை அவர் அங்கேயே உட்கார்ந்து பார்ப்பார்.

எண்ணெய்ச் செக்கு வாங்கும் ஆசை இரண்டாம் ஆண்டிலேயே வந்துவிடும். செக்கின் விலையைப் பார்க்காமல், அது ஆண்டில் எத்தனை நாள் ஓடும், அத்தனை நாளுக்கும் பருப்பு வாங்கிவைக்கப் பணம் உண்டா, எடுத்த எண்ணெயை மாதந்தோறும் யார் வாங்குவார்கள் என்று கேளுங்கள். முதலில் வெளியில் கூலிக்கு ஆட்டி, உணவுப் பாதுகாப்பு உரிமத்தோடு உங்கள் பெயரில் போத்தலிட்டு, உள்ளூர்க் கடைகளில் ஆறு மாதம் விற்றுப் பாருங்கள். அதே கடைக்காரர்கள் கேட்காமலேயே மறுபடி மறுபடி வாங்கினால், அப்போது செக்குக்கு விலை விசாரிக்கலாம்.